வாக்கு மன்னிப்பாகாது

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் கடைசி நாள்களில், மன்னார்த் தீவிலிருந்து புறப்பட்ட வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கற்பிட்டிக் கரையை அடைந்தன. அவற்றில் வலையுமில்லை, மீனுமில்லை. கைக்குழந்தைகளோடும் துணி மூட்டைகளோடும் மனிதர் இருந்தனர். வட மாகாணத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றிய நாள்கள் அவை. யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். வீடும் காணியும் நகையும் கடையும் பின்னே நின்றுவிட, உயிர் மட்டும் முன்னே வந்தது. வந்தவர்களுட் பெரும்பாலோருக்குப் புத்தளம் மாவட்டமே புகலிடமாயிற்று. களப்பின் இரு மருங்கிலும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தென்னந்தோட்டங்களும் அவர்களை ஏற்றன. ஓலைக் கொட்டில்களிற் கழியும் என எண்ணிய சில வாரங்கள் ஆண்டுகளாகி, ஆண்டுகள் தலைமுறையாகின.

அதே கரையோரத்து மக்கள் 2024ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களித்தனர். மட்டக்களப்பு ஒன்று நீங்கலாக, நாட்டின் எல்லாத் தேர்தல் மாவட்டங்களிலும் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெற்றது. புத்தளமும் அவற்றுள் ஒன்று. 225 ஆசனங்களில் 159 அதன் கைக்கு வந்தன. அந்தக் கூட்டணியின் முதுகெலும்பு மக்கள் விடுதலை முன்னணி என்பதை அறியாதார் இலர். 1971இலும், 1987 முதல் 1989 வரையிலும் என இருமுறை ஆயுதமேந்தி அரசைக் கைப்பற்ற முயன்ற இயக்கம் அது. துப்பாக்கியால் எட்ட முடியாத நாற்காலியை வாக்குச் சீட்டால் எட்டியது.

துப்பாக்கி ஏந்திய ஓர் இயக்கத்தால் துரத்தப்பட்டு வந்தோர், துப்பாக்கி ஏந்தியிருந்த மற்றோர் இயக்கம் ஆட்சியேறும் தேர்தலில் வாக்களித்தனர். இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் ஒரே கரையில் நின்று பார்ப்பவர் எவரும் ஒரு வினாவைத் தவிர்க்க இயலாது. ஆயுத வழியில் வந்த இயக்கம் தேர்தலில் வென்றால், அந்த வெற்றி எதை மாற்றுகின்றது? எதை மாற்றாது விட்டுவிடுகின்றது?

இவ்வினாவுக்கு இரண்டு சுலபமான விடைகள் நாட்டில் உலவுகின்றன. மக்கள் தீர்ப்பளித்துவிட்டனர், ஆதலாற் பழங்கணக்கு முடிந்துவிட்டது என்பது முதலாவது. இதனைக் கூறுவோருட் பல்கலைக்கழகத்தாரும் பலர் உளர். நாய்வாலை நிமிர்த்த இயலாது, கொன்றவன் கொலைஞனே என்பது இரண்டாவது. இதனைக் கூறுவோருட் பலர், தம் கட்சிகள் ஆட்சியிலிருந்தபோது கொன்றவற்றை மறந்தவர்கள். இரண்டு விடைகளும் பிழையானவை. எனினும் முதலாவது விடையே இன்று ஆபத்தானது. ஏனெனின் அதுவே அதிகாரத்தின் பக்கத்தில் நிற்கின்றது.

முதலிற் கேட்கத்தக்கது இது: வாக்காளர் 2024இல் எந்த வினாவுக்கு விடையளித்தனர்? 2022இல் நாடு வங்குரோத்து அடைந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் உயர்த்தப்பட்டது. மண்ணெண்ணெயில் இயங்கும் இயந்திரப் படகைக் கொண்டு பிழைக்கும் சிலாபத்து மீனவருக்கும் கற்பிட்டி மீனவருக்கும் அந்த எண் ஒரு பொருளியற் புள்ளிவிவரமன்று. கடலுக்குப் போவதா, கரையில் இருப்பதா என்ற கேள்வி. இந்த நிலைக்கு நாட்டைக் கொண்டுவந்தவர்களை அகற்றுதல் வேண்டும் என்பதே வாக்காளரின் எண்ணமாயிருந்தது. 2020இல் வெறும் 3.84 வீத வாக்குகளையும் 3 ஆசனங்களையும் பெற்ற கூட்டணி, நான்கே ஆண்டுகளில் 61 வீதத்தைத் தாண்டியமைக்கு வேறு விளக்கம் தேடவேண்டியதில்லை. அந்த நான்கு ஆண்டுகளில் 1989 பற்றிய புதிய உண்மை எதுவும் வெளிவந்து மக்களின் மனத்தை மாற்றவில்லை. மாறியது அடுப்பு. வாக்குச் சீட்டில் கேட்கப்படாத கேள்விக்கு வாக்குச் சீட்டு விடை தந்தது என்பது தருக்கமாகாது.

சரி, கேட்கப்பட்டிருந்தால்? 1987-89 காலத்துக் கொலைகளை மன்னிக்கின்றீரா என்று சீட்டில் அச்சிட்டு, அறுபத்தெட்டு இலட்சம் பேர் ஆம் என்று புள்ளடியிட்டிருந்தாலும் அது மன்னிப்பாகுமா? ஆகாது. மன்னிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவனுக்கு மட்டுமே உரியது. பக்கத்து வீட்டுக்காரன் பட்ட கடனை ஊர் கூடித் தள்ளுபடி செய்யும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. பெரும்பான்மை ஆளலாம், சட்டம் இயற்றலாம், வரி விதிக்கலாம். மற்றொருவன் சார்பில் மன்னிக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. புத்தளக் கரையோரம் இதனை நூல் படித்து அறியவேண்டியதில்லை. வட மாகாணத்திற் பெரும்பான்மையினர் ஒருநாள் கூடி, 1990இல் நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிடுவோம் என்று தீர்மானித்தால், தில்லையடியிலும் ஆலங்குடாவிலும் முதுமையடைந்த அகதி அதனை ஏற்பானா? ஏற்கமாட்டான் என்பதை உணரும் தமிழ் வாசகர், அதே நியாயத்தைத் தென்னிலங்கைத் தாய்மாருக்கும் வழங்கக் கடமைப்பட்டவர்.

இதனினும் ஆழமான ஒன்று உண்டு. தேர்தல் என்பது வாக்காளர் என்ற ஒரு கூட்டம் முன்னரே இருக்கின்றது என்ற நம்பிக்கையின்மேல் நடைபெறுவது. ஆயுதமோ அந்தக் கூட்டத்தையே மாற்றியமைக்க வல்லது. யார் ஊரில் இருக்கலாம், யார் போகவேண்டும் என்று துப்பாக்கி தீர்மானித்த பின்பு நடைபெறும் எண்ணிக்கை மக்களின் குரலாகாது. எஞ்சியோரின் குரலே அது. 1994ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியினர், ஏறத்தாழப் பத்தாயிரம் வாக்குகளைக் கொண்டு 9 ஆசனங்களைப் பெற்றனர். பதிவு செய்யப்பட்டிருந்த வாக்காளர் ஐந்தரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர். குடாநாட்டின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்தது. அங்கு வாக்களிப்பு நடைபெறவில்லை. முஸ்லிம்கள் ஏற்கெனவே துரத்தப்பட்டிருந்தனர். சட்டப்படி அது தேர்தல். அறத்தின்படி அதற்கு என்ன பெயர்?

இடம்பெயர்ந்தோரின் வாக்கு அதன் பின்னரும் நிம்மதியாக இருந்ததில்லை. புத்தளத்தில் வாழ்ந்துகொண்டு மன்னாரில் வாக்காளராகப் பதிவுபெற்றிருந்தோர், ஒவ்வொரு தேர்தலிலும் பஸ்களில் நெடுவழி பயணம் செய்ய நேர்ந்தது. 2019 நவம்பர் 16ஆம் நாள் சனாதிபதித் தேர்தலன்று அதிகாலை, தந்திரிமலைப் பகுதியில் அத்தகைய பஸ்கள் மீது துப்பாக்கிப் பிரயோகமும் கல்லெறியும் நடந்தன. வெளியேற்றம் நிகழ்ந்து இருபத்தொன்பது ஆண்டுகள் கடந்தபின்னும் ஒரு சீட்டில் புள்ளடியிட உயிரைப் பணயம் வைக்கவேண்டியிருந்தது. ஆயுத அரசியல் விட்டுச்செல்லும் எச்சம் இது. இயக்கம் அழிந்தாலும் எச்சம் அழிவதில்லை.

வென்ற இயக்கங்கள் வென்ற பின்பு என்ன செய்கின்றன? தமிழர் தம் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கின்றது. இந்திய - இலங்கை ஒப்பந்தத்தின் பயனாகத் தோன்றிய வடக்கு - கிழக்கு மாகாண சபைக்கு 1988 நவம்பரில் தேர்தல் நடந்தது. 71 ஆசனங்களுள் 41ஐ ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணி பெற்றது. வட மாகாணத்தில் ஓர் ஆசனத்துக்கேனும் போட்டியிருக்கவில்லை. எதிர்த்து நிற்க எவரும் முன்வராமையால் வேட்பாளர் அனைவரும் தெரிவாகினர். அ. வரதராஜப்பெருமாள் முதலமைச்சரானார். இந்தியப் படையின் நிழலில் நடந்த அந்த ஆட்சி, அதிகாரப் பகிர்வை நடைமுறையில் நிலைநாட்டியிருக்கக்கூடிய ஓர் அரிய வாய்ப்பு. கொழும்பு அதிகாரத்தைக் கொடுக்க மறுத்தது என்பது உண்மை. புலிகள் அதன் ஊழியரையும் உறுப்பினரையும் கொன்றனர் என்பதும் உண்மை. ஆயின் வென்றவர்கள் தாம் செய்தது யாது? 1989இல் தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில் இளைஞரையும் பாடசாலை மாணவரையும் வீதிகளிற் பிடித்துப் பலவந்தமாகப் படையிற் சேர்த்தனர். வாக்குக் கேட்டுச் சென்ற படலைகளுக்கே பிள்ளைகளைக் கேட்டுச் சென்றனர். 1990 மார்ச் முதலாம் நாள் தனிநாட்டுப் பிரகடனத் தீர்மானத்தைச் சபையில் நிறைவேற்றிவிட்டுத் தலைவர்கள் கடல் கடந்தனர். சபை கலைந்தது. வட மாகாண மக்கள் மீண்டும் ஒரு மாகாண சபையைத் தெரிவுசெய்ய 2013 செப்டெம்பர் வரை காத்திருந்தனர்.

இந்த வரலாற்றிலிருந்து கிடைக்கும் முதற் பாடம் ஒழுங்கு பற்றியது. ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு வாக்குக் கேட்பது ஒன்று. ஆயுதத்தைத் தோளிற் போட்டுக்கொண்டு வாக்குக் கேட்பது வேறொன்று. பின்னதில் வெற்றி என்பது துப்பாக்கிக்குக் கிடைத்த இன்னொரு சான்றிதழே. இரண்டாவது பாடம் தோல்வி பற்றியது. தேர்தலில் வெல்வது எந்த இயக்கத்துக்கும் எளிது. தேர்தலில் தோற்பதே கடினம். வென்றபோது மக்களைப் போற்றிய இயக்கம், தோற்றபோது என்ன செய்தது என்பதிலேதான் அதன் மாற்றம் மெய்யா பொய்யா என்பது புலப்படும்.

உலக அனுபவமும் இதனையே கூறும். மிசோ தேசிய முன்னணி இருபது ஆண்டுகள் இந்திய அரசோடு போரிட்டு, 1986 ஜூனில் உடன்படிக்கை செய்து, ஆயுதங்களை ஒப்படைத்து, 1987 தேர்தலில் வென்றது, லால்டெங்கா முதலமைச்சரானார். மறு ஆண்டிலேயே கட்சித் தாவலால் ஆட்சி கவிழ்ந்தது. அதன் பின் வந்த தேர்தலில் காங்கிரஸிடம் தோற்றது. காட்டுக்குத் திரும்பவில்லை. எதிர்க்கட்சியாக இருந்து, 1998இல் மீண்டும் வாக்கு வழியிலேயே ஆட்சிக்கு வந்தது. நேபாளத்து மாவோவாதிகள் 2006இல் போரை முடித்து, 2008இல் வென்று, 2013இல் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டனர். முறைப்பாடு கூறினரேயன்றி மீண்டும் போர் தொடுக்கவில்லை. மறுபுறத்தில், 2006 ஜனவரியில் பலஸ்தீனச் சட்டசபையின் 132 ஆசனங்களுள் 74ஐ வென்றது ஹமாஸ். வெற்றியை ஏற்க மறுத்து உதவியை நிறுத்திய வல்லரசுகளும், அதிகாரத்தைப் பகிர விரும்பாத பத்தாவும் பெருங் குற்றவாளிகளே. ஆயினும் 2007 ஜூனில் காசாவை ஆயுத வலிமையால் தனதாக்கிய பின்பு, அங்குள்ள மக்களுக்கு இன்னொரு பொதுத் தேர்தலை அவ்வியக்கம் தரவேயில்லை. ஒரேயொரு முறை நடந்த தேர்தல், மக்களிடமிருந்து அதிகாரத்தைப் பெறும் வழியாயிற்று. திருப்பிக் கொடுக்கும் வழி அடைபட்டது.

இந்த அளவுகோல்களை வைத்து மக்கள் விடுதலை முன்னணியை அளக்கும்போது, அதற்குச் சேரவேண்டிய நியாயத்தை மறைத்தல் தகாது. ஆயுதத்தைத் தோளிலிட்டு அது 2024இல் வாக்குக் கேட்கவில்லை. 1994 முதல் முப்பது ஆண்டுகள் தேர்தல் வழியில் நின்றது. 2004இல் கூட்டணியொன்றின் பகுதியாக 39 ஆசனங்களைப் பெற்றது. பின்னர் மூன்று ஆசனங்களுக்குச் சுருங்கியது. சுருங்கியபோதும் துப்பாக்கியைத் தேடிப் போகவில்லை. 2025 மே மாதத்து உள்ளூராட்சித் தேர்தலில் கூட்டணியின் வாக்கு 61 வீதத்திலிருந்து 43 வீதமளவுக்கு இறங்கியது, அதனையும் ஏற்றுக்கொண்டது. தோற்கக் கற்ற கட்சி அது. நாய்வாலைப் பற்றிப் பேசுவோர் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்.

அவர்கள் கூறவேண்டிய விடை இன்னும் உண்டு. 1982 சனாதிபதித் தேர்தலில் ரோகண விஜேவீர போட்டியிட்டு 4.19 வீத வாக்குகளைப் பெற்றார். அவ்வாண்டு டிசெம்பரில், பொதுத்தேர்தலை நடத்துவதற்குப் பதிலாக, மக்கள் தீர்ப்பு என்ற பெயரிற் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறாண்டுகள் நீட்டியவர் சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனா. 1983 ஜூலையில் தமிழர் மீது நடந்த வன்செயலின் பழியைச் சான்று எதுவுமின்றி மக்கள் விடுதலை முன்னணியின் தலையிற் போட்டு, அதனைத் தடை செய்தவரும் அவரே. தேர்தல் கதவைச் சாத்தியது துப்பாக்கி ஏந்தியோர் அல்லர், தேர்தலில் வென்றோரே. அவ்வாறே 1976இல் புத்தளம் பள்ளிவாசலுக்குள் நின்ற முஸ்லிம்களைச் சுட்டுக்கொன்ற துப்பாக்கி, மக்களாற் தெரிவான அரசொன்றின் பொலிஸ் துப்பாக்கி. 2019 மே 13ஆம் நாள் கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் தச்சுத் தொழிலாளி வெட்டிக் கொல்லப்பட்டபோது ஊரடங்குச் சட்டம் நடைமுறையில் இருந்தது. ஆகவே ஆயுத இயக்கம் தீயது, தேர்தற் கட்சி தூயது என்ற பிரிவினை இக்கரையோரத்தில் விலைபோகாது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரே குற்றச்சாட்டைக் கூறுதல் முறை. குற்றச்சாட்டு இது: வென்ற கட்சி தன் கணக்கை வாசிக்கவில்லை.

1986 டிசெம்பரில் கொழும்புப் பல்கலைக்கழகத்துச் சுயாதீன மாணவர் ஒன்றியத்தின் தலைவர் தயா பத்திரண கொலையுண்டார். 1988 பெப்ரவரியில் விஜய குமாரதுங்க தம் வீட்டு வாயிலிற் சுட்டுக் கொல்லப்பட்டார். 1989 மார்ச்சில் கொழும்புப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஸ்ரான்லி விஜேசுந்தர பல்கலைக்கழகத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார். இக்கொலைகளின் பழி மக்கள் விடுதலை முன்னணி மீதும் அதன் படைப்பிரிவு மீதும் சுமத்தப்பட்டது. தேர்தலைப் புறக்கணிக்குமாறு கட்டளையிட்டு, வேட்பாளர்களையும் வாக்களிக்கச் சென்றோரையும் கொன்ற காலம் அது. மறுபுறத்தில் அரசும் அதன் நிழற்படைகளும் கொன்று வீதியோரங்களில் எரித்த இளைஞர் பல்லாயிரவர். பேராதனையில் அல்விஸ் குளத்தைச் சுற்றி மனிதத் தலைகள் வைக்கப்பட்ட 1989ஆம் ஆண்டை அங்கு பயிலும் எந்த மாணவ தலைமுறையும் மறக்கலாகாது.

2025 மார்ச் மாதத்தில் பட்டலந்த ஆணைக்குழுவின் அறிக்கையை அரசாங்கம் பாராளுமன்றத்தில் சமர்ப்பித்தது. தன் தோழர்கள் வதைக்கப்பட்ட முகாம் பற்றிய ஆவணத்தைக் கால் நூற்றாண்டின் பின் வெளிச்சத்துக்குக் கொணர்ந்தமை போற்றத்தக்கது. ஆயின் அந்த மேசையிலேயே இன்னோர் ஆவணமும் வைக்கப்பட்டிருத்தல் வேண்டும். தன் தோழர்கள் யாரை, எதற்காக, யாருடைய கட்டளையின்பேரிற் கொன்றனர் என்று கட்சியே எழுதிக் கையொப்பமிட்ட ஆவணம் அது. அது வைக்கப்படவில்லை. நேர்காணல்களில் வருத்தம் தெரிவிக்கும் வார்த்தைகள் வந்ததுண்டு. வார்த்தை வேறு, கணக்கு வேறு. தான் வாங்கிய அடியை எண்ணிச் சொல்பவன், தான் கொடுத்த அடியையும் எண்ணும்போதுதான் அவன் சொல் சாட்சியமாகும். அன்றேல் அது வழக்குரை.

இதற்கு மறுப்பு ஒன்று கூறப்படும். அரசு கொன்றோரின் தொகை பன்மடங்கு பெரிது; அரசு முதலிற் கணக்குச் சொல்லட்டும், பின்னர் கட்சி சொல்லும் என்பது அம்மறுப்பு. எதிர்க்கட்சியாக இருந்தவரை இதில் ஒரு நியாயம் இருந்தது. 2024 செப்டெம்பர் 21ஆம் நாள் நடந்த வாக்களிப்பில் அநுரகுமார திசாநாயக்க சனாதிபதியாகத் தெரிவானமையோடு அந்நியாயம் காலாவதியாயிற்று. அரசு முதலிற் சொல்லட்டும் என்று யார் யாருக்குக் கூறுவது? அரசு இப்போது அவர்களே. பொலிஸ் ஆவணக் களரியும் இராணுவக் கோப்பும் காணாமற்போனோர் அலுவலகமும் அவர்களின் கையில். இருதரப்புக் கணக்கையும் ஒரே கையால் திறக்கக்கூடிய நிலையை இந்நாட்டு வரலாறு வேறெவருக்கும் அளித்ததில்லை. திறக்காமல் விடுவதற்கு ஒரே காரணம், ஒரு பக்கத்தைத் திறந்தால் மறு பக்கமும் திறக்கும் என்ற அச்சமே.

பழங்கணக்கு வீண் வேலை என்று கருதுவோர் நிகழ்காலத்தைப் பார்க்கட்டும். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் தமிழ் இளைஞரை விழுங்கியது. பின்னர் தென்னிலங்கை இளைஞரை விழுங்கியது. 2019க்குப் பின் முஸ்லிம் இளைஞரை விழுங்கியது. இதனை நீக்குவதாகத் தேசிய மக்கள் சக்தி 2024இல் வாக்களித்தது. 2025 மார்ச்சில், இஸ்ரேலுக்கு எதிரான ஓர் ஒட்டுத்தாளை ஒட்டினார் என்பதற்காக முஸ்லிம் இளைஞர் ஒருவர் இதே சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டார். 2025 முடிவுறும்வரையில் சட்டம் நீங்கவில்லை. எந்தச் சட்டங்களின் கீழ்த் தம் தோழர்கள் காணாமற்போயினரோ, அவற்றுள் ஒன்றைப் புதிய ஆட்சியாளர் கைக்கு அடக்கமான கருவியாகக் கண்டுகொண்டனர். தன் கடந்த காலத்தை வாசிக்காத கட்சி, தன்னை வதைத்தவனின் கோலையே செங்கோலாகப் பிடிக்கும். கணக்கு வாசிப்பது பழிவாங்கலுக்காகவன்று. கோலை அடையாளம் காண்பதற்காக.

இரண்டாவது சான்று மாகாண சபை. 1987இல் மக்கள் விடுதலை முன்னணி ஆயுதமேந்தியமைக்கு முதன்மையான காரணமாகக் காட்டியது மாகாண சபை முறையையே. 2006இல் வடக்கு - கிழக்கு இணைப்பை உயர் நீதிமன்றத்தில் எதிர்த்து வென்றதும் அதே கட்சியினர். புத்தளமும் குருணாகலும் சேர்ந்த வடமேல் மாகாண சபை 2013 செப்டெம்பரில் இறுதியாகத் தெரிவுசெய்யப்பட்டு, 2018இல் காலம் முடிந்தது. முந்திய அரசாங்கங்கள் எல்லை நிர்ணயத்தைச் சாட்டாகக் கூறித் தேர்தலைத் தள்ளிப்போட்டன. 2025 முடிவு வரை புதிய அரசாங்கமும் அத்தேர்தலை நடத்தவில்லை. பழைய அரசாங்கங்கள் தள்ளியது சோம்பல் எனப்படலாம். மாகாண சபைக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கிய கட்சி தள்ளும்போது அதற்குச் சோம்பல் என்ற சலுகை கிடையாது. 1987இல் துப்பாக்கியாற் செய்ய முயன்றதை, தேதி குறிக்காமல் விடுவதாற் செய்து முடிக்கின்றது என்ற ஐயம் எழுவது இயல்பே. அந்த ஐயத்தை நீக்கும் வழி ஒன்றே: தேர்தலை நடத்துக, தோற்றாலும் நடத்துக.

மூன்றாவது, ஆட்சியில் யாருடைய முகம் தெரிகின்றது என்பது. 2024 நவம்பரில் அமைந்த அமைச்சரவையில் முஸ்லிம் ஒருவர்தானும் இடம்பெறவில்லை. திறமையே அளவுகோல், இனமன்று என்று விளக்கம் கூறப்பட்டது. எல்லோரும் இலங்கையர் என்ற முழக்கம் அழகியதே. ஆனால் வர்க்கம் ஒன்றே மெய், இனம் மாயை என்று 1971இலும் 1987இலும் கூறிய அதே குரல் அதனுள் ஒலிப்பதைக் கற்பிட்டி முஸ்லிமும் உடப்புத் தமிழனும் கேளாமலிரார்.

கணக்கு வாசித்தல் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதற்கு எதிர்மறையான முன்மாதிரியொன்று தமிழர் தரப்பிலேயே உண்டு. 2002 ஏப்ரலில், கிளிநொச்சி ஊடகச் சந்திப்பில், முஸ்லிம்களை வெளியேற்றியமை தவறு என்று அன்ரன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். கட்டளையிட்டவர் யார் என்று கூறப்படவில்லை. பறித்த நகைக்கும் பணத்துக்கும் பட்டியல் வரவில்லை. திரும்பிச் செல்வோருக்குப் பாதுகாப்பு உறுதியாகவில்லை. மன்னிப்பு ஒரு வாக்கியமாக வந்து, ஒரு வாக்கியமாகவே நின்றது. பின்னர் 2011இல் வெளியான குடிமக்கள் ஆணைக்குழு அறிக்கையே, பாதிக்கப்பட்டோரின் வாய்மொழியை ஒழுங்காகப் பதிந்தது. அதனைச் செய்தோர் ஆயுதம் தாங்கியோருமல்லர், ஆட்சியாளருமல்லர். ஆகவே கணக்கு வாசிக்கக் கோரும் தமிழ் அரசியலாரும், தம் கையிலுள்ள ஏட்டின் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மற்றவனின் ஏட்டைக் கேட்டல் தகாது. 1989 செப்டெம்பர் 21ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்ட மருத்துவ பீடத்து உடற்கூற்றியல் விரிவுரையாளர் ராஜினி திரணகம, எல்லாத் தரப்பின் ஏட்டையும் ஒருங்கே வாசிக்கத் துணிந்தமையாலேயே உயிரிழந்தார்.

பல்கலைக்கழகம் செய்யத்தக்கதும் அதுவே. வென்றவரை வரவேற்று மாலையிட ஆயிரம் பேர் உளர். மாணவரை இருமுறை போருக்கு அழைத்த கட்சியிடம், அந்த மாணவர் எங்கே என்று கேட்பதற்குப் பல்கலைக்கழகமும் மறந்தால் வேறு யார் உளர்?

புத்தளக் கரையோரம் ஆயுதமின்றியே போராடிய கரையோரம். நுரைச்சோலை அனல் மின்நிலையத்தை எதிர்த்தபோதும், கொழும்புக் குப்பையை அருவக்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்தை எதிர்த்தபோதும் அங்குள்ள மக்கள் கைகளிற் பதாகைகளையே ஏந்தினர். அனல் மின்நிலையமும் வந்தது, குப்பைமேட்டுக்கான நிலமும் தோண்டப்பட்டது. தோற்றோம் என்பதற்காக அவர்கள் எவரையும் கொல்லவில்லை. அத்தகைய மக்களின் வாக்கைப் பெற்று ஆள்வோர், தாம் பெற்றது ஐந்தாண்டு ஆணையே என்பதை உணர்தல் வேண்டும். அதில் வரி குறைக்கவும் ஊழலை ஒழிக்கவும் இடமுண்டு. மறதிக்கு அதில் இடமில்லை. மாகாண சபைத் தேர்தலுக்கு நாள் குறிப்பதும், பயங்கரவாதத் தடைச் சட்டத்தை வேறு பெயரில் மறுபிறப்பெடுக்க விடாது நீக்குவதும், 1987-89 கணக்கை இருபுறமும் திறப்பதும் அவர்கள் முன்னுள்ள கடமைகள். இவற்றைச் செய்தால் வாக்கு வழியில் வந்தோம் என்று அவர்கள் கூறிக்கொள்ளலாம். செய்யாதவரை, அவர்கள் வந்தது வாக்கு வழியில் என்பது மட்டுமே உண்மை. வந்து சேர்ந்தார்களா என்பது தீர்மானிக்கப்படாத வினா.